குழம்பு ருசியில்லை என்றால் யார் மேல் தப்பு? மறதி நோயில் வீட்டார் செய்யும் தவறுகள்

மறதி நோய் வந்த மாமியார் 'உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை' என்று தட்டைத் தள்ளினால், ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் முதல் பழி மருமகளின் கைப்பக்குவத்துக்கு. அது ஓய்ந்தால், 'வேணும்னே பண்றாக' என்று பெரியவர் மேல் பாயும். இரண்டுமே தப்பு.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்குக்குத்தான். நண்டு ரசம் எது, கருவாட்டுக் குழம்பு எது என்று காட்டிக்கொடுப்பது வாசனை. மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர், மூளையில் வாசனையைக் கையாளும் பகுதிகளை ஆரம்பத்திலேயே தாக்குகிறது. அதே குழம்பு அவருக்கு வெறும் புளித்தண்ணியாகத் தெரியலாம். அதற்காக மூக்கு மந்தமானவர்களுக்கெல்லாம் மறதி நோய் என்று பயப்பட வேண்டாம். வயது, சளி, கொரோனா என்று வேறு காரணங்களும் உண்டு.

சரி, ருசிக்கட்டும் என்று உப்பை அள்ளிப்போடுவது அடுத்த தவறு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். கருவாட்டில் ஏற்கெனவே உப்புதான். பிபி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கேட்கவே வேண்டாம். எலுமிச்சை, மிளகு, பூண்டு கூட்டிப் பாருங்கள். உறைப்பை மூளைக்குச் சொல்வது வேறு நரம்பு. வயிற்றுப்புண் இல்லையென்றால் நம்மூர் முண்டு மிளகாய் ஒன்று கூடுதலாகக் கிள்ளிப்போடலாம்.

சிலருக்குத் திடீரென்று இனிப்பு மேல் ஆசை பொங்கும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயில் இது அதிகம். கீழக்கரைத் தொதலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு 'சாப்பிடாதீங்க' என்பதில் பலனில்லை. சின்னத் துண்டு கொடுத்துவிட்டு மீதியைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். கருப்பட்டி நல்லதுதானே என்பவர்களுக்கு: அதுவும் சர்க்கரைதான்.

எல்லாவற்றையும் மறதி நோய் கணக்கில் எழுதவும் கூடாது. பல்செட் உறுத்துகிறதா, வாயில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தரும். மறதிக்குத் தரும் டோனெபெசில் பசியைக் குறைக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் தள்ளிப்போடவே கூடாது.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, 'மீன் விசயத்துல அவுகளை யாரும் ஏமாத்த முடியாது' என்ற பழைய நம்பிக்கை. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கிப் பழகிய கைதான். ஆனால் நேற்றைய குழம்பு ஊசிப்போனதும், கேஸ் கசிவதும் இப்போது அவர் மூக்குக்கு எட்டாமல் போகலாம். பழைய குழம்பை முகர்ந்து பார்ப்பதும், ராத்திரி ரெகுலேட்டரை மூடுவதும் இனி வீட்டில் வேறொருவர் வேலை.