பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் பிளாக்ஜாக்கைக் கெடுக்கிறாரா? மூன்று சீட்டில் சோதித்துப் பாருங்கள்

21-ஐத் தாண்டாமல் டீலரை (கேசினோ சார்பில் சீட்டுப் போடுபவரை) விட அதிகம் சேர்க்கப் பார்க்கும் சீட்டாட்டம்தான் பிளாக்ஜாக். லாஸ் வேகஸில் அந்த மேசைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் புலம்பல் காதில் விழும்: “அந்த ஆள் சும்மா இருந்திருந்தா டீலர் அவுட்!” திட்டு வாங்குபவர் பெரும்பாலும் கடைசி நாற்காலிக்காரர்தான். அந்த இடத்துக்குத் ‘தேர்ட் பேஸ்’ என்று பெயர். அவருக்கு அடுத்து சீட்டு எடுப்பவர் டீலர் என்பதால் பழி நேராக அவர் தலையில் விழுகிறது.

அது நியாயமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சீட்டுக்கட்டும் பேப்பரும் போதும்.

படி 1: டீலரின் விதி

படச் சீட்டுகளுக்கு 10, ஏஸுக்கு 1 அல்லது 11. டீலர் 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். (ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17-க்கு மட்டும் மேசைக்கு மேசை விதி மாறும்.) 21-ஐத் தாண்டினால் ‘பஸ்ட்’, தோல்விதான். அதாவது டீலர் எதையும் யோசித்து முடிவெடுப்பதில்லை.

படி 2: மேசையை அமையுங்கள்

டீலருக்கு 6, 10 என்று 16 வையுங்கள் (6 திறந்து தெரியட்டும், 10 குப்புற இருக்கட்டும்). தேர்ட் பேஸ் நண்பருக்கு 10, 2 என்று 12. இனி வரப்போகும் சீட்டுகளாக 10, ராஜா, 5 மூன்றையும் கலைத்துக் குப்புற அடுக்குங்கள்.

படி 3: நண்பர் சீட்டு கேட்காவிட்டால்

மேல் சீட்டு டீலருக்குப் போகும். மூன்றில் இரண்டு 10 மதிப்பு, ஆக மூன்றுக்கு இரண்டு வாய்ப்பு பஸ்ட். 5 வந்தால் டீலருக்கு 21, நம் பணம் போச்சு.

படி 4: நண்பர் ஒன்று கேட்டு வாங்கினால்

இப்போது டீலருக்குப் போவது இரண்டாவது சீட்டு. ராஜாவையும் 10 என்றே எழுதினால் வரிசை மூன்றுதான்:

10, 10, 5: நண்பர் பஸ்ட், டீலரும் பஸ்ட். அவர் எடுத்ததால் நமக்கு ஒன்றும் மாறவில்லை.

10, 5, 10: நண்பர் பஸ்ட், டீலருக்கு 21. மேசையே கத்தும்.

5, 10, 10: நண்பருக்கு 17, டீலர் பஸ்ட். அவர் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த 5 டீலருக்குப் போய் 21 ஆகியிருக்கும். நம்மைக் காப்பாற்றியதே அவர்தான், ஆனால் நன்றி சொல்ல ஆள் கிடையாது!

இங்கேயும் மூன்றுக்கு இரண்டு. ஒரு முறை கெடுத்தார், ஒரு முறை காத்தார், கணக்கு நேர். முழுக்கட்டிலும் இதே கதைதான், ஏனென்றால் குப்புறக் கிடக்கும் சீட்டுகளில் மேலே இருப்பது எது, அதற்கு அடுத்தது எது என்று யாருக்கும் தெரியாது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

டீலரிடம் 6 தெரியும்போது 12-ல் சீட்டு கேட்பது தப்பான ஆட்டம், சந்தேகமில்லை. ஆனால் நஷ்டம் அவருக்கு மட்டும். டீலருக்கு 2 அல்லது 3 தெரியும்போது 12-ல் சீட்டு கேட்பதுதான் சரி, அதற்கும் முறைப்பார்கள்! இந்த அடிப்படை ஆட்டமுறையை அமெரிக்க ராணுவத்தில் இருந்த நால்வர் மேசைக் கால்குலேட்டரில் கணக்குப் போட்டு 1956-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

படி 5: மற்றவர்கள் உண்மையில் மாற்றுவது

வேகத்தை மாற்றுகிறார்கள். ஏழு பேர் இருந்தால் மணிக்குச் சுமார் 60 ஆட்டம், தனியாக ஆடினால் 200-ஐ ஒட்டி வரும். நல்ல விதிகள் உள்ள மேசையில் சரியாக ஆடுபவருக்கு எதிராகக் கேசினோவின் சாதகம், அதாவது கட்டும் பணத்தில் சராசரியாக அதற்குப் போகும் பங்கு, ஏறக்குறைய 0.5%. ஆட்டத்துக்கு 25 டாலர் கட்டினால், கூட்ட மேசையில் மணிக்குச் சராசரியாக 7.50 டாலர் போகும், தனி மேசையில் 25 டாலர். அந்த ‘மோசமான’ ஆள்கள் உங்கள் பர்ஸுக்கு நல்லதுதான் செய்கிறார்கள்.

மற்றபடி, அடுத்தவர் கையில் திறந்து கிடக்கும் சீட்டுகள், வந்துபோன சீட்டுகளைக் கணக்கு வைத்து ஆடும் ‘சீட்டு எண்ணுபவர்களுக்கு’த் தகவல். ஆரம்பத்தில் அதை விட்டுவிடுங்கள்.

படி 6: மேசைத் துணியைப் படியுங்கள்

உட்காரும் முன் பார்க்க வேண்டியது ‘பிளாக்ஜாக்’குக்கு, அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புச் சீட்டும் வந்து 21 ஆனால், என்ன தருகிறார்கள் என்பது. 3-க்கு 2 என்றால் 25 டாலருக்கு 37.50 வரும். 6-க்கு 5 என்றால் வெறும் 30, கேசினோவின் சாதகமும் கிட்டத்தட்ட 1.4% ஏறிவிடும். அப்படி எழுதியிருந்தால் வேறு மேசைக்குப் போய்விடுங்கள், அங்கே தேர்ட் பேஸில் யார் இருந்தாலும் சரி.