மகளை விடுதியில் சேர்க்கப் போகிறீர்களா? வடசென்னைப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுதியில் சேரும் பெண் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது நேரம். காசிமேட்டில் விடியுமுன்பே அம்மா மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிட்டால், தம்பி தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது மூத்த பெண்ணின் பொறுப்பு. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவள்தான். அண்ணன்காரன் தெருமுனையில் நின்றுகொண்டிருப்பான், அவனைக் கூப்பிட யாருக்கும் தோன்றாது. ஒற்றை அறை வீட்டில் டிவி ஓய்ந்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடியும், அதற்குள் தூக்கம் வந்துவிடும். விடுதியில் அவள் துணியை அவள் துவைத்தால் போதும். சாயங்காலம் ஸ்டடி நேரத்தில் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் படிப்பதால் இவளும் படிப்பாள். கணக்கில் சந்தேகம் வந்தால் கேட்க அடுத்த கட்டிலில் ஒரு அக்கா இருப்பாள். இவ்வளவு நல்லதையும் சேர்க்கும்போதும் சேர்த்த பிறகும் நாமே கெடுத்துக்கொள்வது உண்டு.

அதில் எனக்கு அதிகம் கோபம் வருவது ஒன்றில்தான்: தண்டனையாகச் சேர்ப்பது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லியிருப்பார். அன்று ராத்திரியே "உன்னை ஹாஸ்டல்ல போட்டாதான் அடங்குவே" என்று முடிவாகிவிடும். போதாததற்கு வார்டனிடமும் போய், "கொஞ்சம் கண்டிப்பா வெச்சுக்கோங்க சிஸ்டர், இவ சரியில்ல" என்று சொல்லிவிட்டு வருவார்கள். போன முதல் நாளே அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் விழுந்துவிடுகிறது. அறையில் எது காணாமல் போனாலும் முதலில் அவளைத்தான் கேட்பார்கள். சேர்க்கும் முன் அவளையும் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுங்கள். அங்கே இருக்கும் பெண்களோடு பத்து நிமிடம் தனியாகப் பேச விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பாடு, யார் கத்துவார்கள், யார் நல்லவர் என்று நாம் வார்டனிடம் கேட்க முடியாததையெல்லாம் அவளே கேட்டு வந்துவிடுவாள்.

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படிக்கும்போது நடுவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேண்டாம். புது இடம் பழகவே சில மாதம் ஆகும். ஆறாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ தோதாக இருக்கும்.

பள்ளி வேறு, விடுதி வேறு

பணக் கணக்கில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மாநகராட்சிப் பள்ளியில் எட்டாவது வரை நன்றாகப் படித்த பெண்ணை, ஹாஸ்டல் வசதி இருக்கிறது என்பதற்காக வெளியூர்த் தனியார் பள்ளியில் போடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பணம் கட்ட முடியாமல் பழைய பள்ளிக்கே கூட்டி வருகிறார்கள். இடையில் என்ன போனது என்பது பன்னிரண்டாவது முடித்த பிறகுதான் தெரிகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, பிறகு ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் இது பொருந்தும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். நடுவில் இரண்டு வருடம் தனியாருக்குப் போய் வந்தால் அந்த உரிமை போய்விடும்.

ராயபுரம், பெரம்பூர் பக்கம் பல கான்வென்ட்டுகள் அரசு உதவி பெறும் பள்ளிகள். "கவர்மென்ட் சம்பளம்தானே, கவர்மென்ட் ஸ்கூல்தான்" என்று நினைத்துக்கொள்வார்கள். 7.5 சதவீதத்துக்கு அது செல்லாது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் கொஞ்சம் தாராளம். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் அது, நம் ஏரியாதான். முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வழி இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று 2025 ஜூலையில் பெயர் மாற்றினார்கள். இவை எந்த ஒரு பள்ளிக்கும் சொந்தமானவை இல்லை. தங்குவது இங்கே, படிப்பது பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ. தங்கவும் சாப்பிடவும் பணம் கட்ட வேண்டாம். "வீடு பக்கத்திலேயே இருக்கு, தர மாட்டாங்க" என்று பலர் மனுவே போடுவதில்லை. வீடு இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் மாணவிகளுக்குக் கிடையாது. வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிட்டால் ஜூனில் அலைய வேண்டியதில்லை.

தனியார் விடுதிதான் என்றால் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சேர்க்கை நடப்பதும் சரியாக அந்த நாட்களில்தான். கையில் காசு இல்லாத நேரத்தில் தண்டல்காரரிடம் வாங்கி முழு வருடத்துக்கும் கட்டிவிட்டு, வட்டி கட்ட முடியாமல் அரையாண்டிலேயே பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் எந்த மூலைக்கு? தவணை உண்டா என்று கேளுங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆபீஸ் ரூமைப் பார்க்காதீர்கள், பாத்ரூமைப் பாருங்கள்

வரவேற்பறையில் கோப்பை அலமாரியும் தண்ணீர் தெளித்த பூச்செடியும் எல்லா இடத்திலும் இருக்கும். நேராகக் குளியலறைக்குப் போங்கள். தாழ்ப்பாள் உள்ளே இருந்து ஒழுங்காக விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, பல்ப் எரிகிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, காலையில் எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை. அப்புறம் தரைத் தளத்துச் சுவர். ஈரக் கோடு முழங்கால் உயரத்துக்கு இருந்தால் மழைக்காலத்தில் அங்கே என்ன நடக்கும் என்று புளியந்தோப்புக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடத்துபவர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இத்தனை வருஷமா நடத்துறோம், யாரும் கேட்டதில்லையே" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ராத்திரி உள்ளே யார் தங்குகிறார், வாட்ச்மேன் எதுவரை வரலாம், பார்வையாளர் நோட்டில் உண்மையிலேயே கையெழுத்துகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பெட்டி விஷயம் சின்னதுதான். எம்.சி. ரோட்டில் புதுத் துணி எடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை இரண்டு துண்டு, தனிச் சீப்பு, தனி சோப்பு டப்பா வாங்குவதில் காட்டினால் நல்லது. ஒரே துண்டைப் பலர் மாற்றி மாற்றித் துடைத்தால் சிரங்கு அறை முழுக்கப் பரவும். பரவிவிட்டால் ஒருத்திக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போட வேண்டும். தங்கம் எதுவும் வேண்டாம்.

இன்னும் வயதுக்கு வராத பெண்ணாக இருந்தால், அம்மாவோ அத்தையோ முன்கூட்டியே எல்லாம் சொல்லி, நாப்கினைக் கையாளவும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். ஒன்றும் தெரியாமல் விடுதிக் கழிப்பறையில் பயந்து அழும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். சேதி வந்ததும் மஞ்சள் நீராட்டு என்று கூட்டி வந்து வாரக்கணக்கில் வீட்டில் உட்கார வைப்பதும் நடக்கிறது. சடங்கை லீவில் வைத்துக்கொண்டால் குடி முழுகிப் போகாது.

அழுகையில் இரண்டு வகை

முதல் மாதம் எல்லாப் பிள்ளையும் அழும். போனில் குரல் கேட்டதும் அதிகமாக அழும், வைத்த ஐந்து நிமிடத்தில் விளையாடப் போய்விடும். இது வீட்டு நினைப்பு. இதற்கு "அழாதே கண்ணு, அடுத்த வாரம் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லாதீர்கள். அந்த அடுத்த வாரத்தை நம்பி அவள் எதிலும் ஒட்டாமல் இருப்பாள். ஞாயிறு வருவேன் என்றால் ஞாயிறு போய் நில்லுங்கள், அது போதும்.

இன்னொரு வகையில் அழுகை குறைவாகவே இருக்கும். பேச்சு சுருங்கும், ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயர் வந்தால் அமைதியாகிவிடுவாள், லீவு முடிந்து கிளம்பும் நாளில் வயிற்று வலி வரும். இதை "சாக்கு சொல்றா" என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். யாராவது தவறாகத் தொட்டார்கள் என்று சொன்னால் முதலில் நம்புங்கள். பள்ளியின் பேர் கெடும், பெண்ணின் பேர் கெடும் என்று நிர்வாகத்தோடு பேசி முடிப்பது பெரிய தவறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். பிள்ளையின் பெயர் வெளியே வராது. குழந்தைகள் உதவி எண் 1098 எந்த நேரமும் எடுக்கும். பள்ளிக் கல்வித் துறையின் 14417க்கும் கூப்பிடலாம். இரண்டு எண்ணையும் அவளுக்கே மனப்பாடம் செய்து கொடுத்து அனுப்புங்கள்.

எல்லாம் பார்த்தும் ஒத்துவரவில்லை, வீட்டுக்கே கூட்டி வரலாம் என்று முடிவெடுத்தால், ஆபத்து ஏதும் இல்லாதவரை முழுப் பரீட்சை முடியும்வரை பொறுங்கள். மே மாதமே மாற்றுச் சான்றிதழ் வாங்கி, எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) புதுப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்களா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.