மலையகத்தில் இரும்புத் தகடு வாங்குதல்: அளவும் தடிப்பும் நிறையும்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஹார்ட்வெயார் கடைக்குப் போய், எட்டுக்கு நாலில் ஒரு பதினெட்டு கேஜ் தகடு வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் மறுபேச்சின்றி எடுத்துத் தருவார். அந்தப் பதினெட்டு எத்தனை மில்லிமீற்றர் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் வழங்கும் பட்டியல்கள் பல என்பது அநேகருக்குத் தெரியாது. 24 கேஜ் என்பது பிரித்தானியப் பட்டியலில் 0.56 மில்லிமீற்றர், அமெரிக்க உருக்குத் தகட்டுப் பட்டியலில் 0.61, அமெரிக்க நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) தகட்டுப் பட்டியலில் 0.70. ஆகவே கடையில் பேசும்போதும் பற்றுச்சீட்டு எழுதும்போதும் தடிப்பை மில்லிமீற்றரிலேயே குறிப்பிடச் சொல்வது நல்லது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். வீட்டு கேட்டுக்காக, பெயர் வேண்டாம், ஒரு கடையில் 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீற்றர் என்று சொல்லித் தந்த தகட்டை வாங்கி வந்தபோது, அதைத் தூக்கிப் பார்த்த வெல்டிங் பாஸ் முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் மரக்கறி மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. வெற்றுப் பெட்டியொன்றை அதன்மேல் கவிழ்த்து, பெட்டியின் நிறையைக் கழித்துக்கொண்டு, தகட்டைக் கிடையாக வைத்துப் பார்த்தோம். முள் 23 கிலோவைச் சற்றே தாண்டி நின்றது. 28 கிலோ இருந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 1 மில்லிமீற்றர் தகடு.

கணக்கு எளிது. உருக்கின் அடர்த்தி கன மீற்றருக்கு 7,850 கிலோ. எனவே ஒரு சதுர மீற்றர் தகடு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் 7.85 கிலோ நிறுக்கும். எட்டடிக்கு நாலடித் தகடு, அதாவது 2440க்கு 1220 மில்லிமீற்றர், ஏறத்தாழ 2.97 சதுர மீற்றர் ஆகையால், ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு 23.3 கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 1.5 தகடு 35 கிலோ, 2 தகடு கிட்டத்தட்ட 47 கிலோ, 3 தகடு 70 கிலோ. லொறி நிற்கும் இடத்திலிருந்து லயத்து வீட்டுக்குப் படிக்கட்டில் இறக்க எத்தனை பேர் வேண்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். காற்றடிக்கும் நாளில் மெல்லிய தகட்டைக்கூட ஒருவர் தனியாகத் தூக்கிக்கொண்டு மேட்டில் நடக்கக் கூடாது. அது கப்பற்பாய்போல் காற்றைப் பிடித்து ஆளைத் தள்ளிவிடும்.

வேர்னியரோ மைக்ரோமீற்றரோ கைவசம் இருந்தால் கடையிலேயே அளந்துவிடலாம். வெட்டிய விளிம்பில் பிசிறு இருப்பதால் அதன்மேல் வைக்காமல், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே தள்ளி மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். குளிருருட்டுத் தகட்டில், அதாவது சூடாக்காமல் உருட்டி மெலித்த தகட்டில், குறித்த தடிப்புக்கும் அளந்ததற்கும் இடையே மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்குள் வித்தியாசம் வருவது இயல்பே. கருநீலப் பொருக்கு படிந்த வெப்பவுருட்டுத் தகட்டில் அது சற்றுக் கூடலாம். குறித்த தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அது இயல்பு அல்ல.

என்ன வேலைக்கு எந்தத் தடிப்பு என்பதில் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். கேட்டுக்கும் கதவுக்கும் 1.2 போதும், அதற்குக் கீழே போனால் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் தகடு ஓட்டை விழும். விறகடுப்பின் மேல்தகட்டுக்கு 4 அல்லது 5 எடுத்தால்தான் சூட்டில் நெளியாமல் இருக்கும். அடுப்புக்கும் புகைக்கூண்டின் அடிப்பகுதிக்கும் நாகமுலாம் பூசிய தகடு ஆகவே ஆகாது: நாகம் 419 பாகை செல்சியஸில் உருகிவிடும், அதற்கு வெகு முன்னரே முலாம் கெடத் தொடங்கும். அத்தகட்டை வெல்டிங் செய்ய நேர்ந்தால், இணைப்பிடத்து முலாமைத் தேய்த்து அகற்றிவிட்டு வெளிக்காற்றில் செய்ய வேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும்.

அளவைத் தெரிவுசெய்யும்போது வெட்டுத் திட்டத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு போவது பணத்தை மிச்சப்படுத்தும். கேட்டின் ஒரு கதவு மூன்றடி ஒன்பது அங்குல அகலமென்றால், இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் மடிப்புச் சேர்த்தால் சரியாக நாலடி; ஒரு நூல்கூட வீணாகாது. அதையே மூன்றடி பத்தாக்கினால் மடிப்புக்கு இடம் போதாமல் ஒட்டுப்போட வேண்டிவரும். 2500க்கு 1250 மெற்றிக் அளவில் தகடு கிடைத்தால் அகலத்தில் மூன்று சென்ரிமீற்றர் கூடுதலாக வரும். அப்போது ஒரு மில்லிமீற்றருக்கான நிறையையும் 24.5 கிலோவாகக் கொள்ள வேண்டும்.

நம் பகுதியில் தடிப்புக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது முலாம். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை ஓய்ந்தாலும் பனிமூட்டம் விடுவதில்லை. Z275 என்ற குறி இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 275 கிராம் நாகம் என்பதைக் குறிக்கும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோன். Z120 அதில் பாதிக்கும் குறைவு. பீலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் Z275 கேட்டு வாங்குங்கள். கூரைத் தகரத்தில் AZ150 என்று இருந்தால் அது அலுமினியமும் நாகமும் கலந்த முலாம். வெறும் நாகத்தைவிட நெடுநாள் நிற்கும், ஆனால் ஈரச் சீமெந்துக் கலவை பட்டால் அரித்துப்போகும். கூரைத் தகரத்தின் தடிப்பைச் சொல்லும்போது அது முலாமோடு சேர்த்தா, முலாம் நீங்கலாகவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துருப்பிடிக்காத உருக்கு வாங்குவோர் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் திருப்தியடைகிறார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உணவு படும் வேலைக்கு 304 என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதே வழி.

கொழும்பு பழைய சோனகத் தெருவில் விலை குறைவு என்று போகிறவர்கள் லொறிக் கூலியையும் மழையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடுக்கி வைத்த நாகமுலாம் தகடுகளுக்கு இடையே ஈரம் புகுந்தால் சில நாட்களிலேயே வெள்ளைப் பொடி பூத்துவிடும். கடையில் கட்டுப் பிரிக்கும்போது அப்படிக் கண்டால் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்த தகட்டை மண்ணில் கிடத்தாமல், மரக்கட்டைகளின் மேல் ஒரு பக்கம் உயர்த்திச் சாய்வாக வைத்து, இடையில் குச்சி கொடுத்துக் காற்றோட்டம் விடுங்கள். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். உரம் வைக்கும் அறையில் மட்டும் ஒருநாள்கூட வைக்காதீர்கள்.