பழைய பாகா ஒயினைக் கலங்காமல் ஊற்றுவது எப்படி?

போர்ச்சுகலில் கோயிம்ப்ராவுக்கும் அவெய்ருவுக்கும் இடையே, அட்லாண்டிக் கடலோரப் பகுதி பைராடா. அந்தக் களிமண் நிலத்தின் கருந்திராட்சைதான் பாகா. சின்னப் பழம், கெட்டித் தோல், பழுக்க அக்டோபர் வரைகூட ஆகும். அதனால் ஒயினில் புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். பல வருடம் தாங்குவதும் அதனால்தான்.

1. ஆண்டைப் பாருங்கள். 5, 6 வயது பாட்டில் என்றால் அகலமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி 2 மணி நேரம் காற்றாட விடுங்கள், போதும். 15 வயதைத் தாண்டியது என்றால் கீழே உள்ளபடி.

2. நிற்க வையுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். வருடக்கணக்கில் படுத்துக் கிடந்த 2005 பாட்டிலை எடுத்த கையோடு திறந்துவிட்டேன். முதல் கோப்பையே சேற்றுத் தண்ணீர் மாதிரி. நாக்கில் மணல் நறநறத்தது, கசப்பு வேறு. துவர்ப்பும் நிறமும் காலப்போக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாகப் படியும். பாகாவில் அது நிறையவே இருக்கும். அடுத்த பாட்டிலை 2 நாள் அசையாமல் நிற்க வைத்தேன். வண்டல் முழுக்க அடியில் இறங்கிவிட்டது.

3. கார்க்கை எடுங்கள். திருகாணி வேண்டாம், பழைய கார்க் பொடிந்துவிடும். இரண்டு தகடு உள்ள திறப்பான்தான் என் கட்சி. தகடுகளைக் கார்க்கின் இருபுறமும் ஆட்டி ஆட்டி இறக்கி, முறுக்கிக்கொண்டே மேலே இழுங்கள்.

4. ஊற்றுங்கள். பாட்டில் கழுத்துக்குக் கீழே செல்போன் டார்ச்சை வையுங்கள். நிறுத்தாமல், ஒரே சாய்ப்பில், மெல்ல ஊற்ற வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும். புகை போல ஒரு கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் உடனே பரிமாறிவிடலாம். பழைய ஒயினின் வாசனை சீக்கிரம் போய்விடும்.

கூடவே கொழுப்புள்ள இறைச்சி அவசியம். பைராடாவில் பால்குடிப் பன்றிக்குட்டியை முழுசாகச் சுட்டு வைப்பார்கள். கடுந்தேநீரில் பால் சேர்த்தால் துவர்ப்பு அடங்குகிறதே, அதே வேலையை இங்கே இறைச்சி செய்கிறது.

பின்சேர்க்கை: “பைராடா என்று போட்டிருக்கிறது, ஆனால் துவர்ப்பே இல்லையே” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அங்கே மெர்லோ, தோரிகா நாசியோனல் போன்ற திராட்சைகளிலும் ஒயின் செய்கிறார்கள். லேபிளில் ‘பாகா’ என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.