தாய்ப்பாலா, பவுடர் பாலா? முதல் சில வாரங்களில் முடிவெடுக்கும் முறை

குழந்தை பிறக்கும் முன்பே இதில் உறுதியான முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அதற்கு அவசியமில்லை. ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது: இந்த இரண்டு வழிகளும் ஒரே மாதிரி திறந்திருப்பவை அல்ல. தாய்ப்பாலில் தொடங்கியவர் எந்த வாரத்தில் வேண்டுமானாலும் பவுடர் பாலுக்கு மாறிக்கொள்ளலாம். பவுடர் பாலில் தொடங்கி, ஒரு மாதம் கழித்துத் தாய்ப்பாலுக்குத் திரும்ப நினைப்பவருக்கு அது முடியாத காரியம் அல்ல என்றாலும், பல நாள் பொறுமையும் பயிற்சி பெற்ற ஒருவரின் உதவியும் தேவைப்படும். ஆகவே இன்னும் மனம் ஒரு நிலைக்கு வராதவர்களுக்கு என் யோசனை, முதல் சில வாரங்கள் தாய்ப்பாலில் தொடங்கிவிட்டு, பிறகு யோசியுங்கள் என்பதுதான்.

இதற்குக் காரணம் பால் சுரக்கும் விதத்தில் இருக்கிறது. குழந்தை சப்பும்போது தாயின் உடலில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி, பால் உற்பத்தியாகிறது. ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் அந்தப் பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ, ஏறக்குறைய அந்த அளவுக்கே மறுபடியும் ஊறும். வெளியேறாமல் தேங்கினால், உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். முதல் வாரங்களில் எத்தனை முறை ஊட்டுகிறோம் என்பது பின்னால் வரும் மாதங்களின் சுரப்பையும் தீர்மானிக்கிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், முதல் 6 மாதங்களுக்குத் தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், அதன் பிறகு மற்ற உணவுகளோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைக்கின்றன. வயிற்றுப்போக்கு, காது நோய்த்தொற்று, மூச்சுப்பாதை நோய்த்தொற்று ஆகியவை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாக வருகின்றன; பால் கொடுத்த தாய்க்கு மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயமும் குறைகிறது. முதல் சில நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். பிறந்த குழந்தையின் வயிறும் மிகச் சிறியது என்பதால் அந்தச் சில சொட்டுகளே முதல் நாளுக்குப் போதும்.

தாய்ப்பாலைத் தவிர்த்தே ஆக வேண்டிய நிலைகள் சில உண்டு. கேலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஆகாது, சாதாரணப் பவுடர் பாலும் ஆகாது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும், அதில் அடங்கிய கேலக்டோஸும் இல்லாத தனி வகை தேவை. தாய் புற்றுநோய்க்கான கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தாலோ, கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றிருந்தாலோ கொடுக்கக் கூடாது. எச்ஐவி உள்ள தாய்மார்கள் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சொல்வதைப் பின்பற்ற வேண்டும். மற்றபடி, சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவை தாய்ப்பாலுக்குத் தடையல்ல. மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்காமல் பாலையும் நிறுத்த வேண்டாம், மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

தாய்ப்பால் பாதியில் நின்றுபோவதற்கு அதிகமாகச் சொல்லப்படும் காரணம் ‘பால் போதவில்லை’ என்பது. உண்மையிலேயே போதாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போதும் அளவுக்குப் பால் இருந்தும் போதவில்லை என்று நம்பிவிடுபவர்கள் அவர்களைவிட அதிகம். குழந்தை மாலை நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை அழுது பால் கேட்பதும், மூன்றாவது வாரத்தில் மார்பு முன்போல இறுகாமல் மிருதுவாகிவிடுவதும் பற்றாக்குறையின் அறிகுறிகள் அல்ல. சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஏற்பச் சீரடைந்துவிட்டால் மார்பு அப்படித்தான் இருக்கும். அழுகையை அளவுகோலாக வைத்துக்கொள்ளாமல் டயப்பரைப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை நன்றாக நனைய வேண்டும். கரும்பச்சை மலம் மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை முதல் நாட்களில் குறைவது இயல்பு. 10 சதவீதத்தை நெருங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். இவையெல்லாம் சரியாக இருக்கும்போது, அழுகிறதே என்று ஒரு புட்டி கொடுத்தால், அந்த ஒரு வேளை மார்பு காலியாகாமல் போகிறது; மறுநாள் சுரப்பு சற்றுக் குறைகிறது; அடுத்த புட்டிக்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

பற்றுவதில் தவறு இருந்தாலும் பால் குறைவதுபோலத் தோன்றும். காம்பை மட்டும் நுனிவாயில் கவ்விக்கொண்ட குழந்தையின் கன்னங்கள் உள்ளே குழிந்திருக்கும். காம்பு வெளியே வரும்போது நசுங்கி இருக்கும். தாய்க்கு வலி தாங்காது. சரியாகப் பற்றிய குழந்தையின் வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, முகவாய் மார்பில் பதிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் இருக்கும். சற்று நேரம் வேகமாகச் சப்பிய பின், மெதுவாகி, விழுங்கும் ஒலி கேட்கும். வலித்தால் இழுத்தெடுக்காமல், வாயின் ஓரத்தில் சுத்தமான விரலை நுழைத்துப் பிடியை விடுவித்து, மீண்டும் பற்றச் செய்யுங்கள். ஒரு நாளில் 8 முதல் 12 முறை ஊட்ட வேண்டியிருக்கும் என்பதால், முதல் வாரத்தில் வீட்டில் உள்ள மற்றவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தாயை வேறு எந்த வேலையும் செய்ய விடாமல் இருப்பது.

இனி பவுடர் பாலுக்கு வருவோம். தாயின் உடல்நிலை, மனச்சோர்வு, வேலை, அல்லது விருப்பமின்மை ஆகியவற்றில் எது காரணமாக இருந்தாலும், பவுடர் பாலைத் தேர்ந்தெடுத்த தாய் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். எதை வாங்குவது என்பதில் அதிகம் குழம்பவும் வேண்டாம். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு 1981இல் இதற்கான தரத்தை வகுத்தது; 100 மில்லிலிட்டரில் 60 முதல் 70 கிலோகலோரி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இத்தகைய தரத்துக்கு உட்பட்ட டப்பாக்களில் விலை கூடியது குழந்தைக்கு நல்லது என்று பொருளல்ல. பிறந்த நாள் முதல் கொடுக்கக்கூடியது என்று குறிக்கப்பட்ட, பசும்பாலை அடிப்படையாகக் கொண்ட வகையே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். சாதாரணப் பசும்பாலை இதற்கு மாற்றாகக் கொடுக்கக் கூடாது.

கலக்கும் விதத்தில்தான் கவனம் முழுவதும் தேவை. டப்பாவில் உள்ள பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்டது அல்ல. குரோனோபாக்டர் போன்ற கிருமிகள் அதில் இருக்கக்கூடும் என்பதால், தண்ணீரின் சூடு 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்து இறக்கிய தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடக் கூடாது. கொதிநீரில் சுத்தப்படுத்திய புட்டியில் முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அதன் பிறகு அந்த டப்பாவுக்குள்ளேயே வரும் கரண்டியால், குவிக்காமலும் அழுத்தாமலும் தலைதட்டிப் பவுடரைப் போடுங்கள். ஒரு நிறுவனத்தின் கரண்டியை இன்னொன்றின் டப்பாவுக்குப் பயன்படுத்தக் கூடாது; அளவு வேறுபடும். மிச்சப்படுத்துவதற்காக நீர்த்துக் கலந்தால் குழந்தையின் எடை ஏறாது. உடலில் உப்பின் அளவு குறைந்து வலிப்புகூட வரலாம். கலந்ததை ஓடும் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காமல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். சுத்தமான தண்ணீரும், இரவு இரண்டு மணிக்கும் இத்தனையையும் செய்ய ஓர் ஆளும் இல்லாத வீட்டில் பவுடர் பால் எளிதான வழி அல்ல.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அப்படியானால் சுரப்பு நிலைபெறும் வரை, அதாவது மூன்று நான்கு வாரங்கள் பொறுத்துத் தொடங்குவது நல்லது. வேலைக்குத் திரும்பும் தாய் பாலைக் கறந்தும் வைக்கலாம். அது அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்களும் கெடாது. சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம்; சில இடங்களில் மட்டும் கொதித்துக் குழந்தையின் வாய் வெந்துவிடும்.

முழுவதுமாகப் பவுடர் பாலுக்கு மாற முடிவு செய்தவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பால் கட்டிக்கொண்டு, மார்பு சிவந்து, காய்ச்சல் வரலாம். சில நாட்களுக்கு ஒரு வேளை என்ற கணக்கில் குறைத்துக்கொண்டே வாருங்கள். குழந்தை அதிக ஆர்வம் காட்டாத பகல் வேளையை முதலில் விட்டுவிட்டு, தூங்கும் முன் கொடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது இருவருக்கும் சுலபம்.