பள்ளி கான்சர்ட் பேண்டு: ஆண்டின் தொடக்கத்திலேயே மாணவருக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிட வேண்டியவை

பள்ளியில் கான்சர்ட் பேண்டை, அதாவது காற்று வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்கும் குழுவை, நடத்தும் ஆசிரியர் ஆண்டு முழுவதும் சந்திக்கும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இசையைப் பற்றியவை அல்ல. ஒத்திகைக்கு ஏன் வரவில்லை, வாத்தியத்தை ஏன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாய், நிகழ்ச்சியன்று வெளியூர் போவதை ஏன் முன்பே சொல்லவில்லை, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் மூன்றாம் பார்ட் (ஒரே வாத்தியக்காரர்களுக்குள் பிரித்துத் தரும் பகுதிகளில் கீழ் ஸ்வரங்களுக்கானது) கொடுத்தீர்கள் என்பவைதான் திரும்பத் திரும்ப எழுகின்றன. ஆசிரியருக்குச் சொல்லாமலே விளங்கும் ஒன்று, இதுவரை யாரும் காற்று வாத்தியத்தைக் கையில் எடுத்திராத வீட்டில் விளங்காது. எதை எதிர்பார்க்கிறோம், ஏன் எதிர்பார்க்கிறோம் என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே எழுதியும் சொல்லியும் விட்டால் இவற்றில் பெரும்பாலானவை எழாது. எழுபவற்றையும் கோபமில்லாமல் பேசித் தீர்க்கலாம்.

காரணத்திலிருந்து தொடங்குங்கள்

விதிகளின் பட்டியலை முதலில் நீட்டினால் அது மிரட்டலாகத்தான் கேட்கும். அதற்கு முன் பேண்டு என்பது எந்த வகையில் மற்ற பாடங்களிலிருந்து வேறுபட்டது என்பதைச் சொல்ல வேண்டும். கணக்கு வகுப்புக்கு ஒரு மாணவர் வராவிட்டால் இழப்பு அவருக்கு மட்டும். தோழரின் நோட்டை வாங்கிப் படித்து அதை ஈடுகட்டியும் விடலாம். பேண்டு ஒத்திகைக்கு ஒருவர் வராவிட்டால் அவருடைய ஸ்வரம் இல்லாமல் மற்ற அனைவரும் வாசிக்கப் பழகுகிறார்கள், அந்த ஒத்திகையை வீட்டில் தனியே உட்கார்ந்து ஈடுசெய்யவும் வழியில்லை.

இதை வாயால் சொல்வதைவிட வாசித்துக் காட்டுவது மேல். பெற்றோர் கூட்டத்துக்குச் சில மூத்த மாணவர்களை அழைத்து பி ஃபிளாட் மேஜர் கோர்டை, அதாவது மூன்று ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சேர்க்கையை, வாசிக்கச் சொல்லுங்கள். சிலர் பி ஃபிளாட், சிலர் எஃப், இருவர் மட்டும் டி என்று பிரித்துக் கொடுங்கள். கோர்டு நிறைந்து ஒலித்துக்கொண்டிருக்கும்போது டி வாசிக்கும் இருவருக்கும் நிறுத்துமாறு சைகை காட்டுங்கள். ஒலியின் அளவு பெரிதாகக் குறையாது. ஆனால் அது மேஜரா மைனரா என்பதைச் சொல்லும் ஸ்வரமே போய்விட்டதால் கோர்டு வெறும் கூடாக நிற்கும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களிடம், ஸட்ஜமும் பஞ்சமமும் நிற்கக் காந்தாரம் காணாமல் போய்விட்டது என்று சொன்னால் போதும். இசை தெரியாத பெற்றோருக்கும் அந்த வித்தியாசம் காதில் விழும். அதற்குப் பிறகு வருகையைப் பற்றி நீங்கள் சொல்லும் எதுவும் ஆசிரியரின் பிடிவாதமாகத் தோன்றாது.

வருகையும் தேதிகளும்

வருகை விதியை எழுதும்போது, நோயும் குடும்பத்தில் திடீரென நேரும் அவசரமும் ஒரு வகை, முன்பே தெரிந்திருந்த திருமணம், பயணம், விளையாட்டுப் போட்டி ஆகியவை இன்னொரு வகை, காரணமே சொல்லாமல் வராமலிருப்பது மூன்றாவது வகை என்று பிரித்துக் காட்டுங்கள். முதல் வகைக்கு அன்றே ஒரு தகவல் போதும். இரண்டாவது வகைக்கு, இரண்டு வாரங்களுக்கு முன்பாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அந்த இடைவெளி இருந்தால்தான் வராதவரின் தனி வாசிப்பை இன்னொருவருக்குக் கொடுத்துத் தயார் செய்ய முடியும். இந்தக் காரணத்தையும் விதியோடு சேர்த்தே எழுதிவிடுங்கள்.

இதற்கு ஆசிரியர் தரப்பிலும் ஒரு கடமை இருக்கிறது. எல்லா நிகழ்ச்சித் தேதிகளையும், பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் கூடுதல் ஒத்திகைகளையும், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம் ஆகியவற்றோடு ஆண்டின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். விளையாட்டு ஆசிரியரோடும் தேர்வு அட்டவணை தயாரிப்பவரோடும் முன்பே பேசி மோதல்களைக் குறைத்த பிறகு கொடுப்பது இன்னும் நல்லது. பட்டியலில் இல்லாத ஒத்திகையை நீங்கள் திடீரென வைத்தால், அதற்கு வர இயலாத மாணவரை எந்த வகையிலும் குறை சொல்லக் கூடாது.

நிகழ்ச்சி நாளுக்கு இரண்டு நேரங்கள் உண்டு: அரங்கு திறக்கும் நேரம் ஒன்று, மாணவர் வந்து சேர வேண்டிய நேரம் இன்னொன்று. பெற்றோர் பலர் முதலாவதைத்தான் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். மாணவர் முக்கால் மணி நேரம் முன்னதாக வர வேண்டியதன் காரணத்தையும் சொல்லுங்கள். காற்று வாத்தியத்துக்குள் இருக்கும் காற்று சூடாக ஆகச் சுருதி ஏறும்; வாசித்துச் சூடேற்றாத புல்லாங்குழலோடு மேடை ஏறினால், சுருதி சேர்த்ததெல்லாம் முதல் உருப்படி முடிவதற்குள் கலைந்துவிடும். தம் பிள்ளை வாசித்து முடித்ததும் குடும்பத்தோடு எழுந்து போகாமல் கடைசிக் குழு வரை இருப்பதும் எதிர்பார்ப்புதான் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையென்றால் கடைசியில் வாசிக்கும் மாணவர்கள் பாதி காலியான அரங்குக்கு வாசிக்க நேரும்.

வீட்டுப் பயிற்சி: நிமிடத்தைக் கேட்காதீர்கள்

தினமும் அரை மணி நேரம் வாசித்ததாகப் பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்பும் அட்டை பல இடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. அதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. அது பிள்ளையைக் கடிகாரத்தைப் பார்க்கவும், பெற்றோரை வாரக் கடைசியில் ஏழு கட்டங்களில் ஒரே மூச்சில் கையெழுத்திடவும் பழக்குகிறது. அதற்குப் பதில் வேலையைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். “இந்த வாரம் 17ஆம் பார் முதல் 24ஆம் பார் வரை, மெட்ரோனோமை 72இல் வைத்து, நிற்காமல் இரண்டு முறை வாசிக்க வேண்டும்” (பார் என்பது தாளில் கோடுகளால் பிரித்த ஒரு தாள அளவு; மெட்ரோனோம் என்பது நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வேகம் காட்டும் கருவி) என்று எழுதினால், செய்தாயிற்றா இல்லையா என்பது மாணவருக்கே தெரியும். வாத்தியத்தைத் தொட்டிராத பெற்றோரும் “அந்த எட்டு பாரை வாசித்துக் காட்டு” என்று கேட்க முடியும்.

புதிதாகத் தொடங்கியவருக்கு வாரத்தில் ஐந்து நாட்கள், ஒரு நாளைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் போதுமானவை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் வாசிப்பது அதற்கு ஈடாகாது, சில வாத்தியங்களில் அது தீங்கும் செய்யும். டிரம்பெட் வாசிப்பவரின் உதட்டுத் தசை களைத்த பிறகும் தொடர்ந்தால், தசையின் வேலையைக் கைக்குக் கொடுத்து மவுத்பீஸை (ஊதும் முனையை) உதட்டில் அழுத்தத் தொடங்குவார்; ஒருமுறை படிந்த அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

வீட்டில் என்ன கேட்கும் என்பதையும் பெற்றோருக்கு முன்பே சொல்லி வையுங்கள். புல்லாங்குழல் தொடங்கிய பிள்ளைக்கு முதல் சில நாட்கள் வெறும் காற்றுதான் வரும், வேகமாக ஊதுவதால் தலை லேசாகச் சுற்றவும் செய்யும். உட்கார்ந்து சற்று ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். கிளாரினெட் கிறீச்சிடும். பெரும்பாலும் மோதிர விரல் துளையை முழுவதும் மூடாமல் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விட்டிருக்கும், அல்லது ரீட் என்னும் அதிரும் மெல்லிய தகடு மவுத்பீஸின் மேல் சற்றுக் கோணலாக அமர்ந்திருக்கும். இந்த இரண்டையும் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், “என்ன சத்தம் இது” என்று அதட்டுவதற்குப் பதில் “விரலைப் பார், ரீட்டைப் பார்” என்று சொல்ல அவர்களால் முடியும். கேலி செய்ய வேண்டாம், அண்ணன் தங்கையையும் கேலி செய்ய விட வேண்டாம் என்பதை ஒரு வேண்டுகோளாகவே கடிதத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் வாத்தியத்தை விடுவது சில நேரம் பாடத்தின் கடினத்தால் அல்ல, அடுத்த அறையிலிருந்து வரும் சிரிப்பால்.

வீட்டில் கீபோர்டு வைத்திருப்பவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேண்டில் வழக்கமாகப் பயன்படும் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள். தாளில் சி என்று இருப்பதை அவை வாசித்தால் கீபோர்டின் பி ஃபிளாட் ஒலிக்கும்; ஆல்டோ சாக்ஸபோனில் அதே சி, ஈ ஃபிளாட்டாக ஒலிக்கும். இது தெரியாத அப்பா கீபோர்டில் சரிபார்த்துவிட்டு, சரியாக வாசிக்கும் பிள்ளையைத் தவறு என்று திருத்திக்கொண்டிருப்பார்.

வாத்தியம், பராமரிப்பு, செலவு

ஆண்டில் வரக்கூடிய எல்லாச் செலவையும் ஒரே இடத்தில் சொல்லிவிடுங்கள்: வாத்தியத்தின் விலை அல்லது வாடகை, பாடப்புத்தகம், சீருடை, ரீட், வால்வு எண்ணெய், பழுது பார்க்கும் கட்டணம், பயணம். சிறு தொகைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருப்பதுதான் குடும்பங்களை எரிச்சலூட்டும். கட்ட முடியாதவர் யாரிடம் தனியே பேச வேண்டும், அந்தப் பேச்சு வெளியே போகாது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். வகுப்பில் நிற்க வைத்துப் பணத்தைக் கேட்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் வாங்கும் முன் ஆசிரியரிடம் மாடலைக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதிரிப் பாகம் கிடைக்காத மலிவு வாத்தியம் முதல் பழுதோடு அலமாரிக்குப் போய்விடும்.

ரீட் என்பது தேய்ந்து தீரும் பொருள் என்பதே பல பெற்றோருக்குப் புதிய செய்தி. நுனி பிளந்த ஒரே ரீட்டோடு ஒரு பிள்ளை மாதக்கணக்கில் போராடுவது அதனால்தான். குறைந்தது மூன்று நல்ல ரீட்டாவது பெட்டியில் இருக்க வேண்டும், அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். வாசித்து முடித்ததும் கிளாரினெட்டின் உட்புறத்தைத் துணியால் துடைப்பது, வால்வுக்கு எண்ணெய் விடுவது, இனிப்புப் பானம் குடித்த வாயோடு ஊதாமலிருப்பது, மவுத்பீஸைப் பகிராமலிருப்பது ஆகியவை மாணவரின் பொறுப்பு. டிரம்பெட்டில் மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் இடுக்கியை எடுக்க வேண்டாம் என்று பெற்றோருக்குத் தனியாகவே எழுதுங்கள். திருகும்போது மவுத்பீஸ் வருவதற்கு முன் அதைத் தாங்கும் மெல்லிய குழாய் முறுகிவிடும். அதை எடுப்பதற்கென்றே இருக்கும் சிறு கருவியைக் கொண்டு ஆசிரியர் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார்.

எந்த பார்ட், யாருக்கு

முதல் பார்ட் வாசிப்பவர் கெட்டிக்காரர், மூன்றாம் பார்ட் வாசிப்பவர் மட்டம் என்ற எண்ணம் மாணவரிடமும் பெற்றோரிடமும் தானாகவே வந்துவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் பேசாவிட்டால் அது பார்ட் பிரித்த மறுநாள் புகாராக வரும். முதல் டிரம்பெட் உயர்ந்த ஸ்வரங்களில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருப்பதால் அங்கே உதட்டின் வலிமை முக்கியம். கீழ்ப் பார்ட்டுகளில் மெட்டு கைகொடுக்காது என்பதால் எண்ணிக்கையும் தாளைப் படிக்கும் திறனும் முக்கியம். தேர்வு எப்போது, எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்பே அறிவியுங்கள். உருப்படிக்கு உருப்படி பார்ட்டை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். தாள வாத்தியப் பிரிவுக்கு வருபவர்கள் டிரம் செட்டை எண்ணித்தான் வருகிறார்கள். சைலஃபோனும், டிம்பனி என்னும் பெரிய கிண்ண வடிவ முரசுகளும் அவர்களுடையவைதான், சில உருப்படிகளில் அறுபது பார் எண்ணிக் காத்திருந்து ஒரே ஒரு முறை சிம்பல் அடிப்பதும் அவர்கள் வேலைதான் என்பது சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கடிதம், கூட்டம், அதன் பிறகு

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், வீட்டில் பேசும் மொழியில் எழுதுங்கள். பத்துப் பக்கக் கையேட்டில் கையெழுத்து கிடைக்கும், வாசிப்பவர்கள்தான் கிடைக்க மாட்டார்கள். முதலில் மாணவர்களோடு உட்கார்ந்து அதை வரி வரியாகப் படித்து, அவர்கள் கேள்விகளுக்கு விடை சொல்லி, தேவைப்பட்டால் ஒன்றிரண்டை மாற்றிய பிறகுதான் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். தங்களைப் பற்றிய விதியைப் பிள்ளைகள் பெற்றோர் வாயால் முதலில் கேட்கக் கூடாது.

அந்தப் பக்கத்தில் ஆசிரியரின் உறுதிமொழியும் இருக்கட்டும்: ஒத்திகை சொன்ன நேரத்தில் தொடங்கும், சொன்ன நேரத்தில் முடியும், பெற்றோரின் கடிதத்துக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் வரும், தவறாக வாசித்தவர் எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தப்பட மாட்டார். குறை ஏதும் இருந்தால் முதலில் மாணவரே ஆசிரியரிடம் பேச வேண்டும், தீராவிட்டால் பெற்றோர் நேரம் கேட்டு வர வேண்டும், அதன் பிறகே தலைமை ஆசிரியர் என்ற வரிசையையும், நிகழ்ச்சி நாளன்று எந்தக் குறையும் பேசப்படாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதி மீறினால் என்ன நடக்கும் என்று எழுதும்போது, உண்மையிலேயே செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கள். காரணமில்லாமல் நிகழ்ச்சியைத் தவறவிட்டவர் தம் பார்ட்டை முழுவதும் பதிவு செய்து கொடுக்க வேண்டும் என்பது செய்யக்கூடியது. ஒருமுறை தாமதமாக வந்தால் பேண்டிலிருந்தே நீக்கம் என்பது யாரும் நம்பாத அச்சுறுத்தல். எழுதிய விதி முதல் கிளாரினெட்டின் மிகச் சிறந்த மாணவருக்கும் கடைசி வரிசைப் புதியவருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். திறமைசாலிக்கு ஒருமுறை வளைத்துக் கொடுத்தால் மறுநாளே அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அதன் பிறகு அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

ஆண்டின் நடுவில் விலக முடியாது, ஆண்டு முடிவில் தாராளமாக விலகலாம் என்பதையும் சேரும்போதே பேசுங்கள். புதுமை தீர்ந்து, உருப்படிகள் இன்னும் கைக்கு வராத சில மாதங்களில் விலகும் எண்ணம் பல பிள்ளைகளுக்கு வரும்; அப்படி வந்தால் முதலில் ஆசிரியரிடம் சொல்லுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எளிதான பார்ட்டோ பொருத்தமான வேறு வாத்தியமோ பல நேரங்களில் அதைத் தீர்த்துவிடும். முதல் நிகழ்ச்சி முடிந்த வாரத்தில் அந்த ஒரு பக்கத்தை மறுபடி எடுத்து, எந்த வரி யாருக்கும் புரியவில்லை, எந்த விதியை நீங்களே கடைப்பிடிக்கவில்லை என்று பார்த்துத் திருத்துங்கள். நடுவில் சேரும் மாணவரின் குடும்பத்தோடும் பதினைந்து நிமிடம் தனியே உட்கார்ந்து, திருத்திய அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுங்கள்.