மார்மன் சபைத் தலைவர்கள் செய்கிற, செய்யவே கூடாத தவறுகள்

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையில் ஓர் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப், சம்பளம் வாங்கும் பாதிரியார் இல்லை. வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர். பல் மருத்துவராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், இறையியல் கல்லூரிப் பக்கமே போயிருக்க மாட்டார். ஒருநாள் மேலிருந்து அழைப்பு வரும், சுமார் ஐந்து வருடம் பொறுப்பில் இருப்பார், அப்புறம் இறங்கிவந்து மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பல ஊர்ச் சபைகளைச் சேர்த்த 'ஸ்டேக்' என்ற அமைப்பின் தலைவருக்கும் இதே கதைதான், அவருக்குச் சுமார் ஒன்பது வருடம். இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் பணிவு தானாக வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் வருவதில்லை. ஏனென்றால் பொறுப்பில் இருக்கும்வரை அவர் எடுக்கும் முடிவு கடவுள் அவருக்கு உணர்த்தியது என்று சபை எடுத்துக்கொள்கிறது, அவரும் மெல்ல மெல்ல அப்படியே நம்ப ஆரம்பித்துவிடுகிறார்.

இத்தனைக்கும் இதைப் பற்றி மிகக் கடுமையாக எச்சரிப்பது அவர்களுடைய வேதமேதான். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், 1839-இல் மிசௌரி மாநிலத்தின் லிபர்ட்டி சிறையில் அடைபட்டிருந்தபோது எழுதியது, 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 121-ஆம் பகுதியாக இன்றும் இருக்கிறது. கொஞ்சம் அதிகாரம் கைக்கு வந்துவிட்டதாக நினைத்த உடனே ஏறக்குறைய எல்லா மனிதர்களும் அடுத்தவரை அநியாயமாக அடக்கியாளத் தொடங்கிவிடுகிறார்கள், இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம் என்கிறது அது. ஆசாரியத்துவத்தை, அதாவது கடவுளின் பெயரால் செயல்படும் அதிகாரத்தைக் காட்டி யாரையும் பணியவைக்கக் கூடாது, எடுத்துச் சொல்லியும் பொறுமையாலும் அன்பாலும்தான் வழிநடத்த வேண்டும், மீறி அடக்கினால் அந்த ஆளின் அதிகாரம் அத்தோடு போயிற்று என்றும் சொல்கிறது.

இந்த வசனத்தை வேறு யாருக்கோ எழுதியதாகப் படிப்பதுதான் முதல் தவறு. எழுதியவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து, 1844 ஜூனில், இல்லினாயின் நாவூ நகரில் அவர்தான் மேயர், அவர்தான் தீர்க்கதரிசி. அவரோடு முரண்பட்டு வெளியேறியவர்கள் 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்ற பத்திரிகையை ஆரம்பித்து, அவர் ரகசியமாகப் பலதார மணத்தை நடத்துவதாக எழுதினார்கள். ஒரே ஒரு இதழ்தான் வந்தது. நகரசபை தீர்மானம் போட, மேயரின் உத்தரவில் அச்சு இயந்திரத்தை உடைத்தார்கள். அதையொட்டிக் கைதான ஸ்மித்தைக் கார்த்தேஜ் சிறையில் புகுந்த ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அந்தக் கொலையை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. அச்சு இயந்திரத்தை உடைத்ததையும் முடியாது.

இரண்டாவது தவறு, உறுப்பினர்களின் யோசிக்கும் பொறுப்பைத் தலைவர் தன் கையில் வாங்கிக்கொள்வது. வீடு வீடாகப் போய்ப் போதிப்பவர்களுக்காக 1945 ஜூனில் சபை இதழில் வந்த செய்தி, நம் தலைவர்கள் பேசிவிட்டால் யோசிக்கும் வேலை முடிந்துவிட்டது என்று அச்சிலேயே சொன்னது. சால்ட் லேக் சிட்டியில் இருந்த வேறொரு சபையின் போதகர் இதைப் படித்துவிட்டுக் கவலைப்பட்டுக் கடிதம் எழுத, அன்றைய சபைத் தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் அந்த டிசம்பரில் பதில் போட்டார். அது சபையின் உண்மையான நிலைப்பாடு இல்லை, ஒவ்வொருவரும் தானே தேடித் தெளிய வேண்டும் என்று எழுதினார். நல்ல பதில். ஆனால் தவறான செய்தி வீடுவீடாகப் போனது, திருத்தம் ஒரே ஒருவருக்குத் தனிக் கடிதமாகப் போனது. இத்தனைக்கும் 1862-லேயே, ஜோசப் ஸ்மித்துக்குப் பிறகு சபைத் தலைவரான பிரிகாம் யங், உறுப்பினர்கள் தலைவர்களை அளவுக்கு மீறி நம்பிவிட்டுத் தாங்களாகக் கடவுளிடம் கேட்டுப்பார்க்காமல் இருந்துவிடுவார்களோ என்றுதான் அதிகம் பயப்படுவதாகப் பேசியிருக்கிறார், அவரே எதிர்ப்பைப் பொறுத்துக்கொள்ளும் ஆளாக இருந்ததில்லை என்றாலும்.

கை தூக்கும் வழக்கத்துக்கு வருகிறேன். ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும்போது சபையின் முன்னால் பெயரை வாசித்து, 'ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்' என்பார்கள். எல்லா வலதுகைகளும் ஒரே நேரத்தில் மேலே போகும். 'எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தால்' என்று கேட்டு ஒரு நொடி நிறுத்துவார்கள், யாரும் அசைய மாட்டார்கள், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். 2015 ஏப்ரலில் சால்ட் லேக் சிட்டி பொது மாநாட்டில் அந்த ஒரு நொடியில் சிலர் எழுந்து நின்று 'எதிர்க்கிறோம்' என்று சத்தமாகச் சொன்னார்கள். மேடையில் இருந்த சபைத் தலைமைக் குழுவின் டீட்டர் உக்டார்ஃப், எதிர்ப்பு குறித்துக்கொள்ளப்பட்டது, எதிர்த்தவர்கள் தங்கள் ஸ்டேக் தலைவரைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். கோபப்படவில்லை, அதற்கு அவரைப் பாராட்டலாம். ஆனால் பிரச்சினை மேல்மட்டத்தைப் பற்றியது, அனுப்பிய இடமோ அந்த மேல்மட்டத்தால் நியமிக்கப்பட்டவரிடம். எதிர்க்கலாம் என்று கேட்டுவிட்டு, எதிர்ப்பால் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது பெரிய தவறு. கேட்கிறீர்கள் என்றால் பதில் சொல்லும் ஒரு வழியும் இருக்க வேண்டும்.

இதையே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். உங்கள் ஸ்டேக் தலைவர் உங்களை நடத்திய விதம் சரியில்லை என்று சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். மேல்மட்டத் தலைவர்களுக்கு நேரடியாக எழுத வேண்டாம் என்பது சபையின் கையேட்டு விதி, எழுதினாலும் பெரும்பாலும் கடிதம் அதே ஸ்டேக் தலைவரிடம் திரும்பி வரும். யார்மீது புகாரோ அவர் கையில் புகார். லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சனுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. சபையை உயிராக நேசித்த பதிப்பாசிரியர் அவர். தலைவர்கள் உறுப்பினர்களைக் காயப்படுத்திய நிகழ்வுகளைக் காலவரிசையில் தொகுத்து 1993-இல் கட்டுரையாக வெளியிட்டார், உறுப்பினர்களின் எழுத்தையும் பேச்சையும் கண்காணித்துக் கோப்புப் போடும் வழக்கத்தைப் பற்றியும் அதில் எழுதினார். அந்த செப்டம்பரில் ஆறு அறிஞர்கள், எழுத்தாளர்கள்மீது நடவடிக்கை வந்தது. ஐந்து பேர் நீக்கப்பட்டார்கள், அவர்களில் இவரும் ஒருவர். அதற்குப் பிறகும் அவர் சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. திருவிருந்தில் பங்கு இல்லை, கூட்டத்தில் ஜெபம் செய்ய அனுமதி இல்லை, ஆனாலும் வருடக்கணக்கில் போய் உட்கார்ந்தார். 2019-இல் மறுபடி ஞானஸ்நானம் கேட்டார், ஊரில் இருந்த தலைவர்கள் ஆதரித்தார்கள், சபையின் தலைமை மறுத்துவிட்டது. 2023-இல் இறந்துபோனார். கேள்வி கேட்பவரை எதிரியாக நினைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்வது?

அடுத்தது மன்னிப்பு கேட்க மறுப்பது. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்ற தடையை 1852-இல் அறிவித்தார்கள், 1978-இல்தான் நீக்கினார்கள். அதற்குச் சொல்லிவந்த இனவாத விளக்கங்களை 2013-இல் ஒரு கட்டுரை மூலம் கைவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. பிறரிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பதும் தானே மன்னிப்பு கேட்பதும் சபையின் வரலாற்றில் இல்லை என்று பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவராக இருந்த டாலின் ஓக்ஸ் 2015 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார். விமர்சனம் உண்மையாகவே இருந்தாலும் தலைவர்களை விமர்சிப்பது தவறு என்று 2007-இல் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் சொன்னவரும் அவர்தான். 2015 நவம்பரில் ஒரே பாலினத் தம்பதியோடு வாழும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை ஞானஸ்நானம் கிடையாது என்று விதி போட்டார்கள். அது கடவுளின் வெளிப்பாடு என்று 2016 ஜனவரியில் விளக்கினார் அப்போது அப்போஸ்தலராக இருந்த ரஸ்ஸல் நெல்சன். 2019 ஏப்ரலில், அவரே சபைத் தலைவராக இருக்கும்போது, அந்த விதி போனது. இடையில் மூன்றரை வருடம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் 'தவறு செய்துவிட்டோம்' என்று யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? உறுப்பினர்களும் தலைவர்களும் தவறு செய்திருக்கிறார்கள் என்று 2013 அக்டோபரில் உக்டார்ஃப் மேடையில் பொதுவாக ஒப்புக்கொண்டபோதே பலருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

பணத்தில் மூடிமறைப்பதும் இதே வகைதான். முதலீடுகளின் அளவு வெளியே தெரியாதபடி 13 போலி நிறுவனங்களின் பெயரில் கணக்குக் காட்டியதற்காக 2023-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சபையின் முதலீட்டு அமைப்புக்கு 40 லட்சம் டாலரும் சபைக்கு 10 லட்சம் டாலரும் அபராதம் போட்டது. காணிக்கை கொடுப்பவர்களுக்குக் கணக்குக் காட்டுவது தலைவர்களின் கடமை, பெருந்தன்மை அல்ல.

பிஷப் ஒரு பிள்ளையைத் தனி அறையில் உட்காரவைத்து அந்தரங்கக் கேள்விகள் கேட்பதை எதிர்த்துப் போராடிய, ஹூஸ்டனைச் சேர்ந்த சாம் யங் என்ற முன்னாள் பிஷப்பை 2018-இல் நீக்கினார்கள். அதே வருடம், பிள்ளை விரும்பினால் பெற்றோரோ வேறொரு பெரியவரோ கூட இருக்கலாம் என்று விதியையும் தளர்த்தினார்கள். சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சொன்னவரை வெளியே அனுப்பினால் எப்படி?

வெளியிலிருந்து பேசுகிறவர்களும் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். எல்லா பிஷப்புகளையும் சர்வாதிகாரி என்று திட்டாதீர்கள். நள்ளிரவில் போன் வந்தாலும் எழுந்துபோய், மருத்துவமனையில் கூடவே இருந்து, வாடகை கட்ட முடியாத குடும்பத்துக்கு உதவுகிற பிஷப்புகள் எத்தனையோ பேர். அவர்களைக் கெடுப்பது, அவர்களிடம் 'இது சரியில்லை' என்று சொல்ல ஆள் இல்லாத ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் ஒரு திருத்தம் உடனே செய்யலாம், புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். 1834-இல் ஒஹாயோவின் கர்ட்லாந்தில் வகுத்த விதி, 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 102-ஆம் பகுதி. உறுப்பினர்மீதான சபை விசாரணையில் உட்காரும் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவமதிப்பும் அநீதியும் நேராமல் அவர் பக்கம் நிற்க வேண்டும் என்கிறது. பெண்களுக்கும் ஆசாரியத்துவம் கேட்ட கேட் கெல்லியின் வழக்கை 2014-இல் வர்ஜீனியாவில் மூன்று ஆண்கள் உட்கார்ந்து, அவர் இல்லாமலே முடித்து, அவரை நீக்கும் முடிவை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அங்கே அவருக்காகப் பேசும் கடமை உள்ளவர் என்று ஒருவரும் இல்லை. 2020-இல் வந்த கையேடு, ஸ்டேக் விசாரணையிலும் அந்தப் பன்னிரண்டு பேர் வழக்கமாகக் கலந்துகொள்ளத் தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. அதை மாற்றி, ஊரிலோ ஸ்டேக்கிலோ எந்த விசாரணை நடந்தாலும் அந்தப் பாதிப் பேரை, அவர்களில் பெண்களையும் சேர்த்து, மறுபடி உட்காரவைக்க வேண்டும்.